மெஷினில் ஒரு நெளிக் கோலம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அட்லாண்டா பக்கம் இருக்கிறேன். குவில்ட் (மூன்று அடுக்காகச் சேர்த்துத் தைக்கும் போர்வை) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் ஊசியைக் கையில் எடுத்தேன். அம்மாவின் பழைய சுங்குடி, செட்டிநாட்டுப் புடவைகளில் நைந்துபோகாத பகுதிகளை வெட்டி, முழுக்கக் கையாலேயே இணைத்து ஒரு டாப், அதாவது மேல் அடுக்கு, முடித்திருக்கிறேன். கல்லூரிக்குப் போகப்போகும் மகளுக்காக.

இனி நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பை வைத்து, அடித்துணி போட்டு, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அதையும் கையால் செய்தால் அவள் படிப்பு முடியும்போதுதான் கொடுக்க முடியும். மெஷினில் தைக்கலாமா என்று கேட்டதற்கு, எங்கள் குவில்ட் குழுவில் மூத்தவர் ஒருவர், "இவ்வளவையும் கையால் செய்துவிட்டு மெஷினில் ஓட்டினால் அது கைவேலையே இல்லை" என்று சொல்லிவிட்டார். குவில்ட் தைப்பதற்கென்றே இருக்கும் பெரிய லாங் ஆர்ம் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் கம்ப்யூட்டரில் பூ டிசைன் போட்டு சீக்கிரமே தைத்துத் தந்துவிடுவாராம். அதற்கும் மனம் வரவில்லை.

இன்னொன்று. அம்மா வாசலில் போடும் நெளிக் கோலம், அப்பாவின் சட்டைப் பொத்தான்கள், என் கல்யாணப் பட்டின் ஜரிகை, இவற்றையெல்லாம் இதில் சேர்க்க ஆசை. டாப்பின் மேல் வைத்துத் தைத்துவிட்டால் போதுமா?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

மெஷினிலேயே தையுங்கள். ஆனால் நீங்களே தையுங்கள்.

உங்கள் குழு மூத்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கைத்தையலில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அந்தச் சிறிய ஓட்டுத் தையலின் மேல் இருக்கும் பிரியம் பெரியது. ஆனால் அவர் சொன்னதை உங்கள் ஜார்ஜியா மாநிலமே ஏற்காது. 1837இல் அங்கே அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ். அவர் செய்த பைபிள் குவில்ட் 1886இல் ஏதென்ஸ் ஊரின் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பைபிள் காட்சிகளை மனிதர்களாகவும் மிருகங்களாகவும் துணியில் வெட்டி ஒட்டுத்துணி வேலையாகச் செய்தது அது. பணமுடையில் அதை 5 டாலருக்கு விற்க நேர்ந்தது. இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குவில்ட்டுகளிலேயே மிகவும் மதிக்கப்படுகிற அந்த ஒன்றில் கைத்தையலும் உண்டு, மெஷின் தையலும் உண்டு. தையல் மெஷின் வீடுகளுக்கு வந்த காலத்திலிருந்தே பெண்கள் அதைக் குவில்ட்டுக்குப் பயன்படுத்திவந்திருக்கிறார்கள்.

சண்டை வந்தது பிறகுதான், போட்டிகளில். 1989இல் கென்டக்கியின் படூகா நகரில் நடந்த பெரிய குவில்ட் போட்டியில் காரில் பிரையர் ஃபாலர்ட் என்ற குவில்ட் கலைஞர் முதல் பரிசு வாங்கினார். சூரிய கிரகணத்தை வரைந்த குவில்ட் அது, தைத்தது முழுக்க மெஷினில். அங்கே மெஷின் குவில்ட் ஒன்று முதல் பரிசு வாங்கியது அதுதான் முதல் தடவை. பலருக்குக் கோபம். இன்றைக்கு அதே போட்டிகளில் மெஷின் தையலுக்கென்று தனிப் பரிசுகளே இருக்கின்றன.

லாங் ஆர்ம் ஆளிடம் கொடுக்க உங்களுக்கு மனம் வராததை நான் ரொம்பச் சரியான தயக்கம் என்று நினைக்கிறேன். அந்த மெஷினிலும் கையால் ஓட்டி அற்புதம் செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குக் கிடைக்கப்போவது எல்லோருக்கும் போடும் அதே பூ. எந்த இடத்தில் கோடு வளைய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் விட்டால், உங்கள் டாப்பின் மேல் வேறு யாரோ எழுதிவிட்டுப் போவதுபோல் ஆகிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய புடவைத் துணி மெல்லியது. ஆகவே பேட்டிங்கும் மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். பொசுபொசுவென்ற பாலியெஸ்டர் வைத்தால் நெசவின் இடைவெளிகள் வழியாக இழை வெளியே வரும். அடர் நிறத் துணியில் அது வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பேட்டிங் உறையிலேயே தையல் கோடுகளுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு திரண்டுவிடும். பேட்டிங்கும் அடித்துணியும் டாப்பைவிட நாலு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றையும் தரையில் இழுத்துப் பரப்பி, நடுவிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். அடித்துணி சுருக்கம் விழுவது பெரும்பாலும் தைக்கும்போது அல்ல, ஊக்கு குத்தும்போதே.

கையால் இணைத்த டாப்பில் ஒரு தனிக் கவனம் உண்டு. ஓட்டுத் தையலில் சேர்த்த மூட்டு, குவில்ட்டின் கனம் மேசையிலிருந்து கீழே தொங்கினால் விரிந்து இடைவெளி விடும். பக்கத்தில் ஒரு நாற்காலியோ இஸ்திரி மேசையோ போட்டு முழுக் கனத்தையும் தாங்கவைத்துத் தையுங்கள். முதலில் எல்லா அடுக்குகளையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டை மெஷினில் மாட்டி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வைத்து, மூட்டுகளை ஒட்டியே நேர்கோடுகள் போடுங்கள், நடுவிலிருந்து வெளியே. அடுக்குகள் நகராமல் பிடித்துக்கொள்ளும். உங்கள் கைத்தையலுக்கும் பலம் கூடும். அப்புறம், கைக் குவில்ட்டுக்கென்று வாங்கிய மெழுகு பூசிய நூல் வீட்டில் இருந்தால் அதை மெஷினில் போடாதீர்கள். பூச்சு, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பருத்தி நூல் போதும்.

இப்போது கோலம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கோலத்தை மேலே தைக்கும் அலங்காரமாக நினைக்கிறீர்கள். வேண்டாம். கோலமே உங்கள் குவில்ட் தையலாக இருக்கட்டும்.

ஃப்ரீ மோஷன் முறையில் துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, நம் கைகளால் துணியை ஓட்டுகிறோம். அதில் பெரிய தொல்லை கோடு அறுபடுவதுதான். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நூல் முனைகளை முடிச்சிட்டு ஊசியால் அடுக்குகளுக்குள் புதைக்க வேண்டும். அதனால்தான் குவில்ட் செய்பவர்கள் தொடங்கிய இடத்திலிருந்து கை எடுக்காமல் முடிகிற வடிவங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். நம் நெளிக் கோலங்களில் பல அப்படிப்பட்டவை. புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து, ஒரே இழை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். எல்லாம் அப்படியில்லை, சில கோலங்களில் இரண்டு மூன்று தனி இழைகள் இருக்கும். அம்மா போடுவது எந்த வகை என்று விரலால் ஓட்டிப் பாருங்கள். ஒரே இழையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. குவில்ட்டில் ஓரிடத்தில் நெருக்கித் தைத்து இன்னோரிடத்தில் விட்டுவிட்டால் துணி அலையலையாக நிற்கும். புள்ளிகள் சம இடைவெளியில் இருப்பதால் நெளிக் கோலத்தின் கோடுகளும் சமமாகவே பரவுகின்றன. புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலம் வைத்தால் பெரும்பாலான பருத்திப் பேட்டிங்குகளுக்குப் போதும்.

அம்மாவிடம் கோலத்தைப் போடச் சொல்லி, நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் கை போட்ட அந்தக் கோலத்தையே, வளைவு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் திருத்தாமல், வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி டிரேஸிங் பேப்பரில் எடுங்கள். பேப்பரைக் குவில்ட்டின் மேல் ஊக்கு குத்தி அதன் மேலேயே தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். தையல் சிறியதாக இருந்தால் பேப்பர் சுலபமாகக் கிழியும். முன்னதாக, இதே மூன்று அடுக்கை வைத்து ஒரு துண்டில் பழகுங்கள். மெஷின் ஓரளவு வேகமாகவும் கைகள் நிதானமாகவும் போனால் தையல் சீராக விழும். அடியிலிருந்து வரும் பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். புடவைகளின் நிறத்தோடு கலந்துவிடும் நூலா, வெள்ளையா என்று கேட்டால் நான் வெள்ளை என்பேன். கோலமாவின் நிறம் அது.

கோலத்தின் புள்ளிகளை மட்டும் கையால் போடுங்கள். கொஞ்சம் தடித்த எம்பிராய்டரி நூலில், மூன்று அடுக்கும் சேர்ந்து பிடிக்கும்படி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சு. கையால் இணைத்த டாப்புக்கும் மெஷின் கோட்டுக்கும் அது உறவு சொல்லும்.

அப்பாவின் பொத்தான்களுக்கும் இதே வழிதான். டாப்பில் மட்டும் தைத்தால் சலவை மெஷினில் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். பேட்டிங், அடித்துணி எல்லாம் சேர்த்துத் தைத்தால் பல காலம் நிற்கும். கால்மாட்டுப் பக்கம் வையுங்கள், முகத்தில் அழுந்தாது. பின்னால் அந்த வீட்டில் சின்னக் குழந்தை வந்தால் எடுத்துவிட வேண்டும், வாயில் போட்டுக்கொள்ளும்.

ஜரிகையை இதில் சேர்க்க வேண்டாம் என்பேன். வெட்டிய இடத்தில் இழை பிரியும், உறுத்தும், துவைக்கத் துவைக்கக் கறுக்கும். விடுதியில் மகள் இதைத் தனியாகவா துவைக்கப்போகிறாள்? அந்தப் பட்டுத் துணியைச் சுவரில் மாட்டும் சின்ன வேலை ஒன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூலைகள் வெறுமையாக இருப்பதாகத் தோன்றினால், கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி (Siddi) சமூகப் பெண்கள் செய்யும் கவந்தி என்ற குவில்ட்டைப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் துணியை அடுக்காக மடித்துப் பூ வைத்துத் தைப்பார்கள். மிஞ்சிய சுங்குடித் துண்டுகளில் நீங்களும் அப்படி வைக்கலாம்.

நினைவுப் பொருள்களைக் குவில்ட்டில் தைப்பது என்றாலே எனக்கு எய்ட்ஸ் நினைவுக் குவில்ட் ஞாபகம் வரும். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நேஷனல் மாலில் 1,920 துண்டுகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒவ்வொன்றும் இறந்துபோன ஒருவருக்காக. சட்டைகள், கரடி பொம்மைகள், கடிதங்கள் எல்லாம் அதில் தைத்திருக்கும். பல வருடங்கள் அது உங்கள் அட்லாண்டாவில்தான் பாதுகாக்கப்பட்டது. அதன் முன்னால் நின்று யாரும் இது கைத்தையலா, மெஷினா என்று கேட்டதில்லை.

கடைசியில் ஓரங்களை மூடும் பைண்டிங் பட்டியை முன்பக்கம் மெஷினில் அடித்து, பின்பக்கம் கையால் எம்மிங் செய்யுங்கள். அடித்துணியின் ஒரு மூலையில், கோலத்தைத் தைப்பதற்கு முன்பே ஒரு லேபிள் வையுங்கள், தையல் கோடு அதன் மேலேயும் ஓடும்படி. பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. உங்கள் பெயர், மகள் பெயர், ஊர், வருடம், புடவைகள் யாருடையவை, கோலம் யாருடையது என்று எல்லாவற்றையும் துவைத்தால் அழியாத மையில் எழுதுங்கள்.

எதற்கும் முன்னால், ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு சுங்குடித் துண்டையும் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சிவப்பும் நீலமும் இன்னும் சாயம் விடுகின்றனவா என்று தெரிந்த பிறகு பேட்டிங் வாங்கலாம்.

அன்புடன்,
அக்கா