அம்மாவுக்குக் கீமோ முடிந்த மூன்றாம் நாள் சிறுநீரில் எரிச்சலும் சிவப்பும் என்று கேட்டவருக்கு

வேலூர் வெயிலில் வருகிற நீர்க்கடுப்பு என்று நினைத்து அம்மாவுக்கு இளநீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், கீமோ போட்ட வார்டுக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.

மருந்துச் சீட்டில் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ஐபோஸ்பமைடு என்ற கீமோ மருந்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பு அந்த மருந்தை உடைக்கும்போது அக்ரோலின் என்ற பொருள் உண்டாகி, சிறுநீரோடு சிறுநீர்ப்பையில் தேங்கி, உள்சவ்வை அரித்துப் புண்ணாக்குகிறது, அப்புறம் ரத்தம் கசிகிறது. ஐபோஸ்பமைடோடு மெஸ்னா என்ற பாதுகாப்பு மருந்து கொடுப்பதே இந்த அக்ரோலினைச் சிறுநீரிலேயே கட்டிப்போடத்தான்.

டாக்சோரூபிசின், அந்தச் சிவப்பு மருந்து, ஏறியிருந்தால் முதல் ஓரிரு நாள் வலியில்லாமல் சிறுநீர் சிவக்கும், அது ரத்தம் இல்லை. எரிச்சலும் சேர்ந்தால் அப்படி விட முடியாது. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், ரத்தக்கட்டியோ நூல் போலவோ தெரிகிறதா என்று.

பஸ்ஸில் குடியாத்தம் திரும்பும்போது அம்மா தண்ணீர் குடித்தார்களா? என் அக்கா வழியில் பாத்ரூம் இருக்காதே என்று குடிக்காமல், வீடு வரும்வரை அடக்கிக்கொண்டே வருவாள். சிறுநீர்ப்பைக்கு அது ரொம்பக் கெடுதல். இரவிலும் எழுப்பிப் போகச் சொல்லுங்கள்.

இதயம், கிட்னி பிரச்சினை இருந்தால் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான். கிருமித் தொற்றிலும் இதே எரிச்சல் வரும், சிறுநீர் கல்ச்சர், அதாவது கிருமி வளர்கிறதா என்று லேபில் பார்க்கும் சோதனை, செய்தால்தான் தெரியும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, ரத்தக்கட்டி விழுந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, ராத்திரியானாலும் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.