நாலு துளையும் மணலி நோட்டும்

அன்புள்ள சார்,

என் பையனுக்குப் பிறந்தநாளில் யாரோ ஒரு குட்டி மவுத் ஆர்கன் கொடுத்தார்கள். சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவு, நாலே துளை. அதில் சரிகமபதநிச சுத்தமாக வருகிறது. ஆர்வமாக இருக்கிறானே என்று பாரிமுனையில் பத்துத் துளை மவுத் ஆர்கன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இடது ஓரத்தில் ஆரம்பித்தால் ச, ரி, க வருகிறது. ம-வைக் காணோம், த-வையும் காணோம். ப மட்டும் இரண்டு தடவை வருகிறது. கடைக்காரரிடம் எடுத்துப் போனால், "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார். ஏமாந்துவிட்டேனா? சின்னது வெறும் பொம்மைதானா? இதில் நம் சங்கீதம் வாசிக்க முடியுமா?

வாசகர், தண்டையார்பேட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஏமாறவில்லை. கடைக்காரர் சொன்னது சரிதான், விளக்கம் சொல்லத்தான் அவருக்குப் பொறுமை இல்லை.

பையனிடம் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரு கட்டை சுருதி, அதாவது மேற்கத்திய 'சி', என்றே வைத்துக்கொள்வோம், கடைகளில் அதுதான் அதிகம் கிடைக்கும். பெரியதில் நாலாவது துளையிலிருந்து ஏழாவது வரை வாசித்தால் அப்படியே குட்டியின் சுரங்கள். குட்டி என்பது பெரியதின் நடுத்துண்டு, அவ்வளவுதான். ஊதினால் ச, க, ப, மேல் ச. இழுத்தால் ரி, ம, த, நி. நாலு துளை, எட்டு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய நாக்கு), முழு ஸ்தாயி.

இடது பக்கம் ம-வும் த-வும் இல்லாதது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அந்தப் பக்கம் மெட்டு வாசிக்க அல்ல, கார்டு பிடிக்க, அதாவது சில சுரங்களை ஒன்றாக ஒலிக்க. முதல் மூன்று துளைகளைச் சேர்த்து ஊதினால் ச-க-ப. சேர்த்து இழுத்தால் ரி-ப-நி. ஜெர்மனிக்காரர்கள் தங்கள் நாட்டுப்புறப் பாட்டுக்கும் நடனத்துக்கும் இந்த இரண்டு கார்டு போதும் என்று அடுக்கினார்கள். அவர்கள் கேட்காத மத்யமத்தை நாம் போய்த் தேடுகிறோம்.

சரி, குட்டி பொம்மையா? 1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி 6 விண்கலத்திலிருந்து, வடக்கிலிருந்து தெற்கே ஏதோ ஒன்று போவது தெரிகிறது என்று தரைக்குக் கதை விட்டுவிட்டு, அமெரிக்க விண்வெளி வீரர் வால்டர் ஷீரா ஒளித்துக் கொண்டுபோயிருந்த ஹோனர் கம்பெனியின் நாலு துளை மவுத் ஆர்கனை எடுத்து 'ஜிங்கிள் பெல்ஸ்' வாசித்தார். கூட இருந்த டாம் ஸ்டாஃபர்ட் மணி குலுக்கினார். விண்வெளியில் முதலில் ஒலித்த வாத்தியங்கள் அவை. அந்தப் பாட்டின் பல்லவி முழுவதும் ச-வுக்கும் ப-வுக்கும் நடுவிலேயே அடங்கிவிடும், மூன்று துளையே போதும். ஷீரா பாட்டைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ராயபுரத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையரானவர். சாயங்காலம் துறைமுகத்துக் காற்று வரும் நேரம் மொட்டை மாடியில் லுங்கியோடு உட்கார்ந்து வாசிப்பார். வாசிப்பதற்கு முன்னால் கட்டாயம் வாய் கொப்பளிப்பார், முடித்ததும் துளைகள் கீழே பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவார். எச்சில் தெறிக்கும், நாங்கள் விலகி நிற்போம். குட்டியை முழுசாக வாய்க்குள் போட்டு, கையை விரித்துக் காட்டிக்கொண்டே வாசிக்கும் வித்தையும் அவரிடம் இருந்தது. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ரைஸ் மில்லர், மேடையில் சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் வாசித்தவர், கை வைக்காமல் வாயிலேயே பிடித்து வாசிப்பார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அங்கிளைப் பார்த்து நானும் முயன்றேன், தொண்டைக்குள் போய்விட இருந்தது. அம்மா முதுகில் வைத்த அடியில் வெளியே வந்து விழுந்தது. உங்கள் பையனிடம் இந்தப் பத்தியைக் காட்ட வேண்டாம்.

குட்டியில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ச ஊது, ரி இழு, க ஊது, ம இழு, ப ஊது, த இழு என்று ஊஞ்சல் மாதிரிப் போய்க்கொண்டிருக்கும். அடுத்து ஊதப் போவீர்கள், மேல் ச வந்து நிற்கும், நி தவறிப் போயிருக்கும். கடைசித் துளையில் மட்டும் வரிசை தலைகீழ், முதலில் இழுக்க வேண்டும், அப்புறம்தான் ஊத வேண்டும். த-வும் நி-யும் அடுத்தடுத்து இழுப்பு. அங்கிள் இந்த ஒரு இடத்தையே ஒரு வாரம் வாசிக்கவிட்டார்.

இனி நம் சங்கீதத்துக்கு வருகிறேன். ஒரே துளைக்குள் ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டில் உயர்ந்த சுரத்தைத் தாழ்ந்ததை நோக்கிக் கீழே இறக்கலாம். 'பெண்ட்' என்பது இதுதான். மூச்சை இழுத்துக்கொண்டே நாக்கை ஈ சொல்கிற நிலையிலிருந்து ஊ சொல்கிற நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் இடம் இருந்தால்தான் இறங்கும். க-வுக்கும் ம-வுக்கும் நடுவே ஒன்றுமில்லை. ச-ரி நடுவே ஒரு அரைச் சுரம், ப-த நடுவே ஒரு அரைச் சுரம். அந்த இரண்டையும் பிடித்துவிட்டால் உங்களிடம் இருப்பது சுத்த ரிஷபம், சுத்த தைவதம், அதாவது தாழ்ந்த ரி-யும் தாழ்ந்த த-வும். இறக்காமல் வாசித்தால் சங்கராபரணம், இந்த இரண்டை மட்டும் இறக்கி வாசித்தால் மாயாமாளவகௌளை. நம் பிள்ளைகளுக்கு சரளி வரிசை ஆரம்பித்து வைக்கிற ராகம், நாலு துளைக்குள் இருக்கிறது. ஆனால் குட்டியில் பிடி கிடைப்பது கஷ்டம், பெரியதின் நாலாவது, ஆறாவது துளைகளில் பழகட்டும். இதே வித்தையால்தான் இடது பக்கம் காணாமல் போன ம-வை இரண்டாவது துளையிலும், த-வை மூன்றாவது துளையிலும் இழுத்து இறக்கி எடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஹோவர்ட் லெவி இன்னும் மேலே போய், 'ஓவர் ப்ளோ' என்ற முறையில் இந்தப் பத்துத் துளையிலேயே பன்னிரண்டு சுரங்களையும் கொண்டுவந்தார்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்துக் குழைப்பது? ரி-யையும் த-வையும் கொஞ்சம் அசைக்கலாம். க ஊதுகிற சுரம், மரம் மாதிரி நிற்கும். மவுத் ஆர்கனில், கமகமே உயிரான தோடி ராகம் வாசிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் நான் எழுந்து போய்விடுவேன்.

கமகமே வேண்டாத கர்நாடக உருப்படிகள் இருக்கின்றன, அதுவும் நம் பக்கத்திலேயே. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார் ஆதரவில் மணலியில் வாழ்ந்தது. இன்று ரிஃபைனரி புகையை வைத்து அடையாளம் சொல்கிறோமே, அதே மணலிதான். அந்தக் காலத்தில் தீட்சிதர் காதில் விழுந்த மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதியவை நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரணம், எல்லாம் நேர்ச் சுரம். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. பையன் இதைக் குட்டியில் தொடங்கினால் ச, ச, ரி, அடுத்துக் கீழ் நி, அங்கேயே நின்றுவிடும். குட்டியில் ச-வுக்குக் கீழே எதுவும் இல்லை. பெரியதில் நாலாவது துளையில் தொடங்கட்டும், மூன்றாவதை இழுத்தால் அந்த நி இருக்கிறது. வாங்கிக் கொடுத்தது வீண் இல்லை.

ஒருநாள் என் மவுத் ஆர்கனில் த செத்துப்போனது, இழுத்தால் காற்று மட்டும். அங்கிள் ஸ்க்ரூவைக் கழற்றி மூடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பித்தளை ரீடுக்கும் அதன் பள்ளத்துக்கும் நடுவே ஒரு எள், நான் தின்ற முறுக்கிலிருந்து வந்தது. காகித நுனியால் தள்ளினார், த பிழைத்தது. "மேன், முறுக்கு அப்புறம், மியூசிக் முதல்ல" என்றார்.

உங்கள் வீட்டில் எள்ளுருண்டை செய்கிற நாளில் இரண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.