டார்க் ப்ளூவில் எதை அழுத்தணும்?

வியாசர்பாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கில நிறச்சொற்களின் உச்சரிப்பு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை ஊழியர்: மேடம், 'டார்க் ப்ளூ', 'பாட்டில் கிரீன்' சொல்லும்போது எந்தச் சொல்லை அழுத்தணும்?

தனியாக நின்றால் நிறத்தைத்தான். "திஸ் இஸ் டார்க் ப்ளூ" என்றால் ப்ளூவில் முதன்மை அழுத்தம், டார்க்கில் துணை அழுத்தம். பாட்டில் கிரீன், ஜெட் ப்ளாக், ஸ்னோ ஒயிட் எல்லாமே இப்படித்தான்.

பின்னால் 'ஷர்ட்' வந்தால் கதை மாறும். ப்ளூ, ஷர்ட் இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால் பேச்சின் தாளம் முட்டும். அதனால் ப்ளூ தணிந்து, டார்க்கும் ஷர்ட்டும் எழும்பும். 'தர்ட்டீன்' தனியாக வந்தால் 'டீன்' அழுந்தும், 'தர்ட்டீன் ஷர்ட்ஸ்' என்றால் 'தர்' அழுந்தும். அதே விதிதான்.

உங்கள் வேலைக்கு இன்னொன்றும் முக்கியம். கஸ்டமர் லைட் ப்ளூ கேட்டு நீங்கள் டார்க் ப்ளூவை எடுத்துப் போட்டால், "நோ, லைட் ப்ளூ" என்று 'லைட்'டை அழுத்துவார். ப்ளூ ரெண்டு பேருக்கும் தெரிந்ததுதானே! வேறுபடும் சொல்லுக்குத்தான் அழுத்தம் போகும். இதைக் காதில் வாங்கினாலே பாதி வேலை மிச்சம்.

தண்டையார்பேட்டை ப்ளஸ் டூ மாணவி: மெரூனில் எத்தனை அசை, மிஸ்?

இரண்டும்மா. ம-ரூன். அழுத்தம் 'ரூன்' மேல். முதல் அசை 'மெ' இல்லை, லேசாக, மங்கலாக வரணும். யெல்லோ, பர்ப்பிள் இரண்டிலும் முதல் அசையில் அழுத்தம்.

காசிமேடு இளைஞர், கால் சென்டர் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்: 'ரெட்டு', 'ப்ளாக்கு' என்றே வாயில் வருது மேடம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் தம்பி, முதலில் திருத்த வேண்டியதே இதுதான். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் அந்த உகரம் நமக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் 'ரெட்' ஓரசை, 'ரெட்டு' ஈரசை. ப்ளூவைப் 'புளூ' ஆக்கினாலும் ஓர் அசை கூடும். அசை கூடினால் தாளமே மாறிப்போகும். 'ப்ளாக்' சொல்லும்போது நாக்கின் பின்பக்கம் அண்ணத்தைத் தொட்டதும் குரலை நிறுத்திடுங்க. அப்படியே ஒரு நொடி வைத்திருந்து பழகுங்க.

ராயபுரம் பள்ளி ஆசிரியை: ப்ளாக்போர்டும் இதே கணக்கா?

இல்லைங்க, அது பெயர்ச்சொல். 'ப்ளாக்' அழுந்தும். 'போர்டு' அழுந்தினால் கறுப்பாக இருக்கும் ஏதோ ஒரு பலகை. கிரீன்ஹவுஸும் அப்படியே.

பெரம்பூர் வாசகர்: அகராதியில் இதை எப்படிப் பார்ப்பது?

உச்சரிப்புக் குறிப்பில் அசைக்கு முன்னால், மேலே நிற்கும் சிறு கோடு முதன்மை அழுத்தம், கீழே நிற்பது துணை அழுத்தம். லாங்மேன் உச்சரிப்பு அகராதியில், பெயர்ச்சொல்லுக்கு முன் அழுத்தம் இடம்மாறும் சொற்களுக்கு ஒரு குட்டி முக்கோணமும் போட்டிருப்பார்கள்.