முயல் கூண்டை விற்பதற்கு முன்

அன்புள்ள அம்மா,

பிளஸ் ஒன் படிக்கும் மகன் மொட்டைமாடியே கதியென்று கிடக்கிறான், முயல்களைக் கூண்டோடு விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சென்ற வாரம் தம்பியோடு அரை மணி நேரம் பேசினேன். விற்க வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் இரண்டு ஜோடியாகக் குறையுங்கள்.

நான் அவனிடம் கேட்டதெல்லாம் முயல் குட்டிகளைப் பற்றி அவன் குறித்து வைக்கும் நீள நோட்டைப் பற்றித்தான். கறுப்பு ஆணுக்கும் கறுப்புப் பெண்ணுக்கும் பிறந்த ஆறு குட்டிகளில் மூன்று சாம்பல் நிறம் என்று அதில் எழுதியிருந்தான். எப்படி என்றேன். "நிறத்தை மங்கவைக்கும் ஒடுங்கு மரபணு இரண்டிலும் மறைந்திருக்கிறது சார். கணக்குப்படி நான்கில் ஒன்றுதான் வர வேண்டும். ஆனால் ஆறு குட்டிகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் நான்கைந்து ஈற்று பார்க்க வேண்டும்" என்றான். முதல் பாதி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கடைசி வாக்கியம் அவனுடையது. என்னிடம் வரும் முதுகலை மாணவர்களில் கூட அப்படிப் பொறுத்துப் பேசுபவர்கள் குறைவு.

இதையே பிழைப்பாக்கிவிடுவானோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்காவில் 1910இல் தொடங்கிய முயல் வளர்ப்போர் சங்கம் உடலமைப்பை ஐந்து வகையாகப் பிரித்து, இனத்துக்கு இனம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. அதில் உருளை வடிவம் என்ற வகைக்கு இமாலயன் என்ற ஒரே இனம்தான். கண்காட்சி நடுவராவதற்கு முன், முயல்களைச் சோதித்துப் பதிவு செய்யும் பதிவாளர் உரிமம் வாங்கியாக வேண்டும். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் அங்கே பெரும்பாலோருக்கு அது வார இறுதிப் பொழுதுபோக்குதான். நம் ஊரில் கண்காட்சி முயலை நம்பி உலை வைக்க முடியாது. "குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குச் சோறு போடக்கூடியது மரபியல். நேரான வழி ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் படிப்பு. தமிழகத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நிரப்பப்படுகின்றன. 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மட்டுமே நீட். ஆகவே உயிரியலோடு இயற்பியலும் வேதியியலும் அவனுக்கு அவசியம். வேதியியலில் 52 வாங்கியிருக்கிறான், முயலுக்காக அல்ல, அதற்காகக் கண்டியுங்கள். முதுகலையில் விலங்கு மரபியல், இனவிருத்தி என்று தனித்துறையே உண்டு. இடம் கிடைக்காவிட்டால் இளநிலை விலங்கியல் படித்துவிட்டு மரபியல் பக்கம் திரும்பலாம்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். குள்ள முயல் இரண்டை இணை சேர்ப்பாயா என்று. குள்ளத்தன்மை தரும் மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் குட்டி பிழைக்காது. அப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நான்கில் ஒரு குட்டி பிறந்த சில நாளில் இறந்துபோகும். அழகுக்காக இதைத் தெரிந்தே செய்யலாமா? அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதைவிட, சொல்வதற்கு முன் தயங்குகிறானா என்று கவனியுங்கள். கால்நடை மருத்துவத்துக்கு அந்தத் தயக்கம் வேண்டும்.

மே மாதம் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர் வரை அழைத்துப் போங்கள். மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே இருக்கிறது. ஆட்டோடு முயலும் வளர்க்கிறார்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள். சோவியத் சின்சிலா, வெள்ளை ஜயண்ட் என்ற இரண்டையும் அவன் பார்க்க வேண்டும். ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் தரும் நிறப் படிக்கட்டு அது: மேல்படியில் முழு நிறம், அடுத்தது சின்சிலா, அதற்குக் கீழே இமாலயன், கடைசியில் வெள்ளை. இமாலயனுக்கு மூக்கும் காதும் பாதமும் வாலும் மட்டும் கறுப்பதற்குக் காரணம், நிறமியை உண்டாக்கும் நொதி உடலின் குளிர்ந்த பகுதிகளில் மட்டுமே வேலை செய்வதுதான். உங்கள் மொட்டைமாடி வெயிலில் அந்தக் கறுப்பு வெளுக்குமா என்று அவன் என்னிடம் கேட்டான். வெளுக்கும் என்றேன். உடனே நோட்டில் குறித்துக்கொண்டான்.

மன்னவனூரில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அந்த நோட்டையும்.