கல்லறையில் எழுதிய பெயரை அழிக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் பழைய சாமான் விற்பனையில் ஒரு படம் வாங்கினேன். கறுப்பு உடுத்திய பெண் கல்லறைமேல் சாய்ந்து அழுகிறாள். அடியில் ‘என். கரியர், 2 ஸ்ப்ரூஸ் தெரு’ என்று அச்சாகியிருக்கிறது. கல்லறைமேல் யாரோ மையால் ஒரு குழந்தையின் பெயரையும் ‘11 மாதம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். கிறுக்கல் இருப்பதால் விலை போகாது, 75 டாலர் கொடுத்தால் அழித்துச் சர்டிபிகேட்டும் தருகிறேன் என்கிறார் ஒரு வியாபாரி. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அது கிறுக்கலே இல்லை. நியூயார்க்கில் நத்தேனியல் கரியர் 1840களில் இந்தக் கல்லச்சுப் படங்களை (கல்லில் வரைந்து காகிதத்தில் அச்சிட்டவை) விற்றதே, ‘நினைவாக’ என்று மட்டும் அச்சிட்டுக் கல்லறையைக் காலியாக விட்டுத்தான். ஹார்ட்ஃபோர்ட் நகரின் கெல்லாக் என்ற அச்சுக் கம்பெனியும் அப்படியே செய்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார் வாங்கிப்போய்ப் பெயரையும் வயதையும் எழுதிக்கொள்வார்கள்.

அசல்தானா என்று நீங்களே பார்க்கலாம். ஃப்ரேமைக் கழற்றி, படத்திலுள்ள வில்லோ மர இலைகள்மேல் 10 மடங்கு லென்ஸை வையுங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால நகல். அசலில் கல்லின் சொரசொரப்பு ஒழுங்கில்லாமல் தெரியும். கையால் பூசிய வண்ணம் கோட்டைத் தாண்டியும் இருக்கலாம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறம் பூசி அடுத்தவரிடம் தள்ளிய வேலை அது.

பெயர் எழுதாத படம் போலி என்று நினைத்துவிடாதீர்கள். விற்காமல் கடையிலேயே தங்கியவையும் உண்டு. வம்பு அங்கேதான். குழந்தை பெயர் இருந்தால் கூடுதலாகக் கேட்கலாம் என்று சில தரகர்கள் இப்போது உட்கார்ந்து எழுதுகிறார்கள்! காகிதத்தில் மடிப்பு இருக்கிறதா? எழுத்து அதைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். மடிப்பில் நார் உடைந்திருக்கும். அதன்பின் எழுதினால் மை பிளவுக்குள் கசிந்து பரவும். முதலில் எழுதி, பிறகு மடிந்ததென்றால் எழுத்து அங்கே உதிர்ந்திருக்கும், கசிந்திருக்காது. பழைய மை பெரும்பாலும் பழுப்பேறியும் இருக்கும்.

சர்டிபிகேட்டா? ஃப்ரேமைக்கூடக் கழற்றாமல், செல்போன் படத்தைப் பார்த்தே சிலர் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏலத் தளங்களிலும் ‘அசல்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள்.

தண்ணீர் பட்டால் வண்ணம் கரையும்; பிளீச் பக்கமே போகாதீர்கள். அப்புறம், ஃப்ரேம் கடைக்காரர் அளவுக்குப் பொருந்தவில்லை என்று அடியோரத்தை வெட்டப் பார்ப்பார். கரியரின் முகவரி இருப்பது அந்த ஓரத்தில்தான். வெட்டக்கூடாது, அட்டையில் ஒட்டக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.