தாத்தாவுக்குக் காது மந்தமாக இருப்பது நல்லதுதான்

கேள்வி: என் 12 வயது மகனை வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழி என்பதால் வரலாற்றுக்குப் பாடநூல் கிடையாது, ஒருவர் ஈடுபாட்டோடு கதைபோல எழுதிய ‘உயிருள்ள புத்தகங்கள்’தான். இப்போது உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. அதற்கு நானே 140 பக்கத்தில் ஒர்க்புக் தயாரித்திருக்கிறேன். முன்பெல்லாம் படித்ததை ராத்திரி என் மாமனாரிடம் சொல்வான். அவருக்குக் காது மந்தம், ஒன்றை மூன்று தரம் சொல்லி ஒரு மணி நேரம் ஓடிவிடும். அந்த நேரத்தை ஒர்க்புக்குக்கு மாற்றினேன். ஆனால் அதைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிறான். படம், புதிர் சேர்த்தால் ஆர்வம் வருமா? மற்ற பெற்றோருக்கு விற்கவும் யோசனை இருக்கிறது.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: புதிர் சேர்த்தாலும் கொட்டாவிதான் விடுவான்.

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கங்களைப் பார்த்தேன். ‘சீவக சிந்தாமணியை உ.வே.சா. பதிப்பித்த ஆண்டு ______’. 1887 என்று எழுதியிருக்கிறான், நீங்களும் டிக் போட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று பையனைக் கூட்டி வந்தவர், கோடிட்ட இடத்தை மட்டும் ஏன் கையோடு கொண்டு வந்தீர்கள்?

போகிற போக்கில் மாமனாரைப் பற்றி எழுதினீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு தரம் வாசி, புத்தகத்தை மூடு, உன் வார்த்தையில் சொல். மேசன் அம்மையாரின் முறைக்கு ஆணிவேரே இதுதான். புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் பெரியவர்கள் கேள்வியோடு வந்து நிற்பது அவருக்குப் பிடிக்காது. நீங்கள் 140 பக்கத்தோடு நிற்கிறீர்கள்.

1880, கும்பகோணம். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று படித்ததையெல்லாம் 25 வயதுத் தமிழ்ப் பண்டிதர் உ.வே.சா. அடுக்குகிறார், எதிரே கோர்ட்டு முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் அசைந்து கொடுக்கவில்லை, இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார், சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. இதை உங்கள் பையன் தாத்தாவிடம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். “யாரு, முனுசாமியா?” “இல்ல தாத்தா, முன்சீப்பு!” முன்சீப் என்றால் யார் என்று தாத்தா இவனுக்கு விளக்குவார். இரண்டாம் தரம் சொல்லும்போது முதலில் விட்டுப்போனது ஞாபகம் வரும். மூன்றாம் தரம் சொல்வதற்குள் அந்தப் பண்டிதரின் சுருங்கிய முகம் இவன் முகத்திலேயே வந்துவிடும். அங்கிருந்து 1887 வரைக்கும் அந்த மனுஷர் என்ன பாடுபட்டார் என்று அவனே தேடிப் படிப்பான்.

இன்னொன்று, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. காது மந்தமான பெரியவரிடம் உங்கள் வீட்டில் வேறு யார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள்? நீங்களா, உங்கள் கணவரா? அவருக்கு இருந்த ஒரே பேச்சுத் துணையைப் பிடுங்கிவிட்டு, அதை நேர மிச்சம் என்று எனக்கே எழுதுகிறீர்கள். உ.வே.சா.வின் அப்பா மகனுக்கு வாத்தியார் தேடிக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போனவர். உங்களுக்கு வாத்தியார் கூடத்தில் ஈஸிசேரில் இருக்கிறார். வீட்டுக்கல்வி என்றால் அந்த வீட்டில் அவரும் உண்டு.

நோட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. நூற்றாண்டுக்கு இரண்டு பக்கம் வீதம் வெறும் தாள் கட்டிக் கொடுங்கள், படமோ பெயரோ, அவனுக்குத் தோன்றியதைப் போடட்டும். ஒரு வரைபடத்தில் உத்தமதானபுரம், அரியலூர், மாயூரம், திருவாவடுதுறை, கும்பகோணம் என்று பயணத்தைக் குறிக்கட்டும். நீங்களாக ஒன்று கேட்டே ஆகவேண்டும் என்றால் இதைக் கேளுங்கள்: 1880இல் நடந்ததை அவர் 1940க்கு அப்புறம் வாரப் பத்திரிகையில் எழுதுகிறார், 60 வருஷம் கழித்து ஒருவர் சொல்வதில் எதை அப்படியே நம்பலாம்? இதற்குக் கோடு போட்டு இடம் விடாதீர்கள்.

விற்பனையை இந்த வருஷம் மறந்துவிடுங்கள். வீட்டிலேயே விலைபோகாத சரக்கு. அச்சடித்த தாள்களின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும்? இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதில் நாலு தாளைப் பையனிடம் கொடுத்துத் தாத்தா பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும்.