முடியைக் கத்தரித்து அனுப்பினால் உடலின் சத்துக்குறை தெரியுமா?

கேள்வி: என் வயது 43. எட்டு மாதங்களாக முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. பிற்பகலானால் தாங்க முடியாத சோர்வு. முழுநல ஆலோசகர் ஒருவர் என் பிடரியிலிருந்து சிறிது முடியைக் கத்தரித்து வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். கால்சியம் மிக அதிகம், துத்தநாகமும் செலினியமும் குறைவு, அலுமினியம் ‘எச்சரிக்கை’ எல்லையில், நான் ‘மந்த ஆக்சிடைசர்’ (உணவை மெதுவாக எரிசக்தியாக்கும் உடல்) வகை என்று வண்ணப் பட்டைகளோடு அறிக்கை வந்திருக்கிறது. ஆறு மாதங்களுக்கான சத்து மாத்திரைகளைத் தம்மிடமே வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? அல்லது வேறொரு ஆய்வகத்தில் மீண்டும் சோதித்துப் பார்க்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் முடிப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை உண்டு என்று உங்கள் ஆலோசகர் சொல்லியிருப்பார், அது முழுப் பொய்யும் அல்ல.

முடி வளரும்போது அதன் வேர் இரத்தத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. முடியின் புரதமான கெரட்டினில் கந்தகம் மிகுதி. சில உலோகங்கள் அந்தக் கந்தகத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், நீண்ட முடி ஒரு நாட்குறிப்பைப் போலாகிவிடுகிறது. இராக்கில் 1971–72இல், பூஞ்சைக்கொல்லியாக மெத்தில் பாதரசம் பூசிய விதைத் தானியத்தை மக்கள் அரைத்து ரொட்டி சுட்டு உண்டதால் 6,500 பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 459 பேர் அங்கு இறந்ததாகப் பதிவானது. அப்போது தாய்மாரின் நீண்ட முடியைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து அளந்துதான், கருவிலிருந்த குழந்தையை எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு எட்டியது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். முடியில் உள்ள பாதரசம் இரத்தத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய 250 மடங்கு என்னும் விகிதம் நன்கு நிறுவப்பட்டிருந்ததால் அந்தக் கணிப்பு சாத்தியமாயிற்று.

கால்சியத்துக்கோ துத்தநாகத்துக்கோ அப்படி நம்பத்தக்க விகிதம் ஏதும் இல்லை. சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஆய்வகக் கருவி முடியில் இருப்பதை நுட்பமாகவே அளக்கக்கூடும். ஆனால் முடியில் இருப்பது உடலில் இருப்பதைக் காட்டுகிறதா என்பது வேறு கேள்வி. துத்தநாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடும் பற்றாக்குறையில் முடியின் வளர்ச்சியே மந்தமாகிவிடுவதால், வளர்ந்த சிறிதளவு முடியில் துத்தநாகம் இயல்பாகவோ கூடுதலாகவோ கூடத் தென்படலாம். உண்மையாகவே குறைபாடு உள்ளவருக்கு ‘குறைவில்லை’ என்று அறிக்கை வர இடமுண்டு.

இதோடு வெளியிலிருந்து முடியில் ஒட்டுபவையும் சேர்ந்துகொள்கின்றன. வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரிலா தலைக்குக் குளிக்கிறீர்கள்? சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து ஊறும்; சாயமும் வேதி முறையில் நிமிர்த்தலும் அவற்றை இன்னும் எளிதாக உள்ளே விடும். பொடுகு ஷாம்புகள் சிலவற்றில் மருந்தாகவே இருப்பவை துத்தநாகப் பைரித்தியோனும் செலினியம் சல்பைடும். ஆய்வகத்தில் முடியைக் கழுவிவிட்டுத்தான் அளக்கிறார்கள் என்பார்கள். ஆனால் மென்மையாகக் கழுவினால் வெளியழுக்கு தங்கிவிடும், கடுமையாகக் கழுவினால் உள்ளிருப்பதும் போய்விடும். எல்லா ஆய்வகங்களும் ஒரே முறையில் கழுவுவதும் இல்லை.

விளைவு என்னவென்று அமெரிக்காவில் இருமுறை வெளிப்படையாகச் சோதித்திருக்கிறார்கள். 1985இல் வெளியான ஆய்வில், நலமாக இருந்த 17 வயதுப் பெண்கள் இருவரின் முடி 13 வணிக ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டது. முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டன; ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பிய ஒத்த மாதிரிகளிலேயே வேறுபட்டன. 2001இல் கலிஃபோர்னியச் சுகாதாரத் துறையினர், நலமான ஒருவரின் முடியைப் பகிர்ந்து ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். அந்நாட்டில் நடக்கும் முடித் தாதுப் பரிசோதனைகளில் பெரும்பகுதியைச் செய்துவந்தவை அவை. பன்னிரண்டு தாதுகளில், மிகக் கூடிய அளவு மிகக் குறைந்த அளவைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. உணவு, மாத்திரைப் பரிந்துரைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. நீங்கள் மறுபடியும் சோதித்தால் உங்களுக்கும் இன்னொரு புதிய கணக்குதான் கிடைக்கும். எது சரி என்று தீர்மானிக்க வழி இருக்காது.

எனக்கு இதைவிட உறுத்துவது விளக்கம் சொல்லும் முறை. முடியில் கால்சியம் குறைந்தால் உடலில் குறைவு என்பார்கள். கூடினால், அது எலும்பிலிருந்து கழன்று முடிக்கு வந்துவிட்டது, ஆகவே அப்போதும் குறைவுதான் என்பார்கள். தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் மாத்திரை வாங்க வேண்டியவர் நீங்களே. ‘மந்த ஆக்சிடைசர்’ என்னும் வகைப்பாடு மருத்துவத்தில் இல்லை.

அலுமினியத்தைப் பற்றிய எச்சரிக்கையைத் தொடர்ந்து ‘நச்சு நீக்கம்’ பரிந்துரைக்கப்பட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள். உலோகங்களைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் விளையாட்டுப் பொருள் அல்ல. அவற்றில் ஒன்றான டைசோடியம் எடெட்டேட் செலுத்தப்பட்டபின் இரத்தக் கால்சியம் சரிந்து, 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் இரண்டு குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறந்தார்கள். உலோக நச்சு குறித்து உண்மையான ஐயத்துக்கு இடமிருந்தால், அதாவது வீட்டருகே பேட்டரி உருக்கும் பட்டறை இருந்தாலோ, கண்ணுக்குச் சுர்மா இடும் பழக்கமோ நெடுநாள் பற்பம், செந்தூரம் உண்ட வரலாறோ இருந்தாலோ, சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஈயத்தை அளக்கச் சொல்லுங்கள். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அந்த ஐயம் வீணானது அல்ல.

இனி உங்கள் முடிக்கு வருவோம். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி போட்டு உடலை இளைத்தல் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவது வழக்கம். பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். உங்களுக்கு எட்டு மாதங்கள் ஆகிவிட்டதால், சோர்வும் உடனிருப்பதால், மருத்துவரைப் பார்ப்பதே முறை. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12 ஆகியவற்றோடு தொடங்குவார். மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உங்கள் வயதில் சோர்வையும் முடி உதிர்வையும் ஒன்றாக விளக்கக்கூடிய முதல் காரணம் இரும்புக்குறைவு. வகிடு அகன்றுகொண்டே போனால் அது மரபுவழி உதிர்வாக இருக்கலாம். அதைத் தோல் மருத்துவர் தலையைப் பார்த்தே கண்டுகொள்வார்.

மாத்திரைகளில் சிலவற்றை ஏற்கெனவே விழுங்கத் தொடங்கியிருந்தால் புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். துத்தநாகத்தை நெடுநாள் மிகையாக உட்கொண்டால் உடலில் செம்பு குறைந்து இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும். செலினியம் மிகுந்தால் முடியே உதிரும்: 2008இல் அமெரிக்காவில், லேபிளில் குறித்ததைப் போல 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட்ட ஒரு சத்துத் திரவத்தைக் குடித்து 201 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு முடி கொட்டியது. கூந்தலுக்கென விற்கும் மாத்திரைகளில் வழக்கமாக இருக்கும் பயோட்டின் என்னும் வைட்டமின் இன்னொரு தொல்லை. அது தைராய்டு அளவைத் தவறாகக் காட்டச் செய்யும். ஆகவே அதை எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதன்பிறகே இரத்தம் கொடுங்கள்.